பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? டப்பாவைத் திருப்பிப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கி, சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எண்ணெய் பற்றிப் பேசப் போறோம். எஞ்சின் ஆயில், கியர் ஆயில். அதுவும் முப்பது, நாற்பது, அறுபது வயசான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு.

ரெண்டு காரை வெச்சு ஆரம்பிக்கலாம். ஒண்ணு எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செஞ்ச கார். கூரையைத் திறந்து ஓட்டுற ரெண்டு சீட் மாடல்தான் அதில் பிரபலம். இன்னொண்ணு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதுவும் அதே 1962இல் வந்து 1980இல் நின்றது. 1968இல் ரெண்டு பிராண்டும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கம்பெனிக்குக் கீழே வந்துடுச்சு. ஸ்பிட்ஃபயருக்கு நம்ம ஊரில் ஒரு சொந்தக்காரர்கூட உண்டு. 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் இருக்கா? வீட்டில் பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. அந்த ஹெரால்டின் சேசியை அடிப்படையா வெச்சுத்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினாங்க.

சரி, இந்த ரெண்டு காரின் கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்? எம்ஜிபி கையேடு, எஞ்சினுக்கு ஊத்துற அதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊத்தச் சொல்லுது. ஸ்பிட்ஃபயர் கையேடு தனி கியர் ஆயில் கேக்குது. இன்றைய கணக்கில் சொன்னா ஜிஎல்-4 வகை. ஒரே நாடு, ஒரே காலம், கடைசியில் ஒரே முதலாளி. ஆனா ஒண்ணுக்கு ஊத்துறது இன்னொண்ணுக்கு இல்லை.

அதனால "பழைய காருக்கு எது பெஸ்ட் ஆயில்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "இந்தக் காரின் உள்ளே என்ன உலோகம் இருக்கு, பாகங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, எது எது மேல உரசுது?" இதுதான் சரியான கேள்வி. அதைத்தான் இந்த எபிசோடில் ஒவ்வொண்ணா பார்க்கப் போறோம்.

இதில் ஒரு ஆபத்து இருக்கு. தப்பான ஆயில் ஊத்தினா கார் அன்னைக்கே நின்னுடாது. நல்லாத்தான் ஓடும். கொஞ்ச காலம் கழிச்சு ரெண்டாவது கியர் போடும்போது 'கர்ர்'னு ஒரு சத்தம் வரும். அப்புறம் அது தினமும் வரும். எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியா இறக்க முடியாது. எஞ்சினும் சேர்ந்து வெளியே வரணும். கடையில் சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் எடுத்த ஒரு முடிவுக்காக, முழு எஞ்சினையும் வெளியே எடுக்குற நிலைமை.

நம்பர்கள் என்ன சொல்லுது?

முதல்ல டப்பாவில் இருக்கிற நம்பர். 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30, 5டபிள்யூ-40. இதில் 'டபிள்யூ' என்பது வின்டர், அதாவது குளிர்காலம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகி நிக்கும் இல்லையா? எஞ்சின் ஆயில் அந்த மாதிரி உறையாது, ஆனா குளிரில் அதுவும் கெட்டியாகும். 'டபிள்யூ'வுக்கு முன்னாடி இருக்கிற நம்பர், குளிரில் எவ்வளவு தளர்வா இருக்கும் என்பதைச் சொல்லுது. நம்பர் சின்னதா இருந்தா குளிரிலும் ஓடும்.

எவ்வளவு குளிரில்? 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறாங்க. 10டபிள்யூவுக்கு மைனஸ் 25. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். அங்கே ஓடுற பழைய காருக்கு முன்னாடி நம்பரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். டொராண்டோவில் இருக்கிறவங்களுக்கு அது வேற கதை.

பின்னாடி இருக்கிற நம்பர்தான் நமக்கு முக்கியம். எஞ்சின் சூடாகி ஓடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும் என்பதை அது சொல்லுது. இதை 100 டிகிரியில் அளக்கிறாங்க. அளவு சென்டிஸ்டோக்ஸ். 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 30க்கும் 50க்கும் நடுவில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம் வரலாம்.

இதில் நிறைய பேர் ஏமாறுற ஒரு இடம் இருக்கு. கியர் ஆயில் டப்பாவில் 75டபிள்யூ-90னு போட்டிருக்கும். 90 என்றால் 50ஐ விட ரொம்பக் கெட்டினு தோணும். அப்படிக் கிடையாது. கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேற. கியர் ஆயிலின் 90 கிரேடு, 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 வரைக்கும் இருக்கும். அதாவது எஞ்சின் ஆயிலின் 40க்கும் 50க்கும் பக்கத்தில். எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில் ஊத்தச் சொன்னது கெட்டித்தன்மை கணக்கில் பார்த்தா ஒண்ணும் விநோதம் இல்லை. வித்தியாசம் அதில் கலந்திருக்கிற ரசாயனத்தில் இருக்கு. அதுக்குப் பிறகு வரேன்.

மெல்லிசான ஆயில் ஏன் பழைய எஞ்சினுக்குச் சரிவராது?

இப்போ வர்ற கார்களில் 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிசான ஆயில் சாதாரணம். பெட்ரோல் மிச்சமாகும். அந்த எஞ்சின்களின் பாகங்களை ரொம்ப நுட்பமா கடைஞ்சிருக்காங்க. ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி எல்லாமே மெல்லிசான ஆயிலை மனசில் வெச்சு வடிவமைச்சது.

1960களின் எஞ்சினில் இடைவெளிகள் பொதுவா கூடுதல். அம்பது வருஷத் தேய்மானம் அதை இன்னும் கூட்டியிருக்கும். அங்கே மெல்லிசான ஆயில் ஊத்தினா, பேரிங்கின் ஓரங்கள் வழியா சீக்கிரம் வழிஞ்சு போயிடும். கிராங்க்ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் நிக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிஞ்சு போகும். அந்தப் படலம் கிழிஞ்சா உலோகத்தில் உலோகம் உரசும்.

இதை ஆயில் பிரஷர் மீட்டர் காட்டிக் கொடுக்கும். எம்ஜிபி எஞ்சின் சூடான பிறகு ஓட்டும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, சும்மா நிக்கும்போது 10 முதல் 25 வரைக்கும் இருக்கணும்னு சர்வீஸ் புத்தகங்கள் சொல்லுது. ஆயில் மாத்தின பிறகு சூடான எஞ்சினில் முள் இதுக்குக் கீழே கிடந்தா, ஆயில் மெல்லிசா இருக்கலாம், இல்லை எஞ்சின் தேய்ஞ்சிருக்கலாம்.

இதைக் கேட்டதும் சில பேர் அப்படியே எதிர்ப்பக்கம் போயிடுவாங்க. "கெட்டியா ஊத்தினா பிரஷர் ஏறுது, அப்போ அதுதான் நல்லது." அதுவும் சரியில்லை. அந்த மீட்டர் காட்டுறது, பம்ப் தள்ளுற ஆயிலுக்கு வழியில் எவ்வளவு தடை இருக்கு என்பதைத்தான். தேவைக்கு மேல கெட்டியான ஆயிலில் முள் ஜோரா மேலே நிக்கும், ஆனா ஸ்டார்ட் செஞ்ச முதல் சில வினாடிகளில் எஞ்சினின் மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். தேய்மானத்துக்கு அந்த நேரமே மோசமான நேரம். கையேடு 20டபிள்யூ-50 சொன்னா 20டபிள்யூ-50. 10டபிள்யூ-30 சொன்னா 10டபிள்யூ-30.

ஏன்னா 'பழைய கார்' என்பது ஒரே இனம் இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 1989இல் வந்தது. அதுவும் இன்னைக்கு முப்பது வயசைத் தாண்டின ஸ்போர்ட்ஸ் கார். ஆனா அந்த எஞ்சின் 10டபிள்யூ-30 மாதிரி ஆயிலுக்காகச் செஞ்சது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருக்கு. அவை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்ற குட்டிக் குட்டி பாகங்கள். பழைய, அழுக்கான ஆயில் இருந்தா காலையில் ஸ்டார்ட் செஞ்சதும் 'டிக் டிக் டிக்'னு தட்டும். "பழைய கார்தானே" என்று 20டபிள்யூ-50 ஊத்தினா அந்தச் சின்னத் துளைகளுக்குள் ஆயில் போறது இன்னும் தாமதமாகலாம். எம்ஜிபிக்கு மருந்து, எம்எக்ஸ்-5க்கு உபத்திரவம்.

ஜிங்க் கதை

பழைய கார்க்காரங்க கூடினா கட்டாயம் வர்ற பேச்சு, ஜிங்க். அது என்ன?

எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர் மாதிரி எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள்ளே இருக்கும். அதன் முட்டை வடிவ முனைகள் சுத்தும்போது டேப்பட் என்ற பாகத்தைத் தள்ளும். அந்த டேப்பட்டின் அடிப்பாகம் கிட்டத்தட்டத் தட்டை. உருளை எதுவும் கிடையாது. அதனால் முனையும் டேப்பட்டும் அழுத்தமா, இழுத்து இழுத்து உரசும். அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் மட்டும் போதாது. அங்கே காப்பாத்துறது ஜிங்க்கும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு ரசாயனம். சுருக்கமா ஸெட்டிடிபினு சொல்வாங்க. உரசல் சூட்டில் அது உலோகத்தின் மேல ஒரு மெல்லிய காப்புப் பூச்சு மாதிரி படியும். தேய்ஞ்சா அந்தப் பூச்சுதான் தேயும். அப்புறம் மறுபடி படியும்.

பிரச்சனை எங்கே வந்தது? எஞ்சின் கொஞ்சம் ஆயிலையும் எரிக்கும். அந்தப் புகையில் போற பாஸ்பரஸ், காட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லக் கெடுக்குது. அதனால் புதிய தரங்களில் பாஸ்பரஸின் அளவுக்கு வரம்பு வெச்சாங்க. 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்கு அந்த வரம்பு 0.08 சதவீதம்.

கவனிங்க, மெல்லிய கிரேடுகளுக்கு. 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான கிரேடுகளுக்கு அந்த வரம்பு கட்டாயம் இல்லை. "புது ஆயில் எல்லாத்திலும் ஜிங்க்கை எடுத்துட்டாங்க" என்று பரவியிருக்கிற பேச்சு முழு உண்மை இல்லை. ஆனா கட்டாயம் இல்லை என்பதால் தாராளமா இருக்கும்னும் உறுதி கிடையாது. அதனால் வாங்குற ஆயிலின் தொழில்நுட்பத் தாளைப் பாருங்க. பெரும்பாலும் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். தட்டை டேப்பட் எஞ்சினுக்கு 0.12 சதவீதம் பக்கத்தில் ஜிங்க் இருந்தா நிம்மதி. கிளாசிக் கார்களுக்கென்றே விக்கிற ஆயில்களில் இந்த அளவைப் பெருமையா போட்டிருப்பாங்க.

"அப்போ தனியா ஜிங்க் பாட்டில் வாங்கிக் கூடுதலா ஊத்திடலாமா?" வேண்டாம். ஆயில் என்பது பல ரசாயனங்களை அளந்து கலந்த ஒரு கலவை. சாம்பாரில் உப்பு சரியா இருக்கும்போது மேல ஒரு கைப்பிடி போடுற மாதிரி ஆகிடும். சரியான அளவு உள்ள ஆயிலை வாங்குறதே வழி.

ஒரே ஒரு நேரத்தில் இந்த விஷயம் ரொம்ப அவசரமா ஆகும். எஞ்சினைப் பிரிச்சு புது கேம்ஷாஃப்ட், புது டேப்பட் போட்டிருக்கீங்கன்னா, முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது. அந்த முதல் 20 நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஐடிலில் விடாம, 2000 ஆர்பிஎம் பக்கத்திலேயே வெச்சு ஓட்டணும். வேகமா சுத்தினாத்தான் கேம்ஷாஃப்ட் மேல ஆயில் நல்லா தெறிக்கும். ரெண்டு பரப்பும் ஒண்ணுக்கு ஒண்ணு பழகுற நேரம் அது. ஜிங்க் குறைவான ஆயிலை ஊத்தி ஐடிலில் விட்டா, புது கேம்ஷாஃப்ட் அன்னைக்கே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

சிந்தடிக்கா, மினரலா?

சிந்தடிக் ஆயில் பழைய எஞ்சினைக் கெடுத்துடும் என்பது ஒரு பழைய பயம். சிந்தடிக் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. தரத்தில் குறையே கிடையாது. ஆனா ஒரு பழைய எஞ்சின் எப்படி ஆயிலைப் பிடிச்சு வைக்குதுனு பார்க்கணும். சில பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. தண்டில் திருகு மாதிரி ஒரு வரி வெட்டியிருப்பாங்க. தண்டு சுத்தும்போது அந்த வரி ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் நின்னா கொஞ்சம் சொட்டும். அது அந்த எஞ்சினின் சுபாவம்.

வேற சில எஞ்சின்களில் சீல்கள் காய்ஞ்சு இறுகியிருக்கும். இடுக்குகளை வருஷக்கணக்கான கசடு அடைச்சிட்டிருக்கும். நல்ல சிந்தடிக் ஆயில் அந்தக் கசடைக் கழுவிட்டு, இருக்கிற வழியில் எல்லாம் கசியும். ஓட்டையை ஆயில் போடலை. ஏற்கெனவே இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்துச்சு.

அதனால் நடைமுறைக்கு இப்படி வெச்சுக்கலாம். எஞ்சினைப் பிரிச்சு சுத்தம் செஞ்சு, புது சீல் போட்டிருந்தா, சரியான கிரேடும் போதிய ஜிங்க்கும் உள்ள சிந்தடிக் தாராளமா ஊத்தலாம். வரலாறு தெரியாத, கசியுற, இன்னும் பிரிக்காத எஞ்சினா? நல்ல மினரல் 20டபிள்யூ-50 போதும். விலை குறைவு, அடிக்கடி மாத்தலாம். பழைய காருக்கு ஆயிலின் விலையை விட அதை நேரத்துக்கு மாத்துறது முக்கியம்.

கியர்பாக்ஸ்: 5 என்பது 4ஐ விட உயர்வு இல்லை

இப்போ முக்கியமான இடத்துக்கு வரோம். கியர் ஆயில் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5னு போட்டிருக்கும். 5 என்றால் 4இன் புது வெர்ஷன்னு நினைக்கத் தோணும். ஃபோன் மாடல் மாதிரி. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ரெண்டும் ரெண்டு வேலைக்கு.

கியர்பாக்ஸுக்குள்ளே என்ன நடக்குதுனு பாருங்க. நீங்க மூணாவது கியரிலிருந்து ரெண்டாவதுக்கு இறக்கும்போது, உள்ளே ரெண்டு பாகங்கள் வேற வேற வேகத்தில் சுத்திட்டிருக்கும். அப்படியே இணைச்சா பல்லும் பல்லும் மோதும். அதைத் தடுக்க நடுவில் ஒரு வளையம் இருக்கு, சிங்க்ரோ ரிங். பழைய கார்களில் அது பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம். அந்த வளையம் கியரின் கூம்பு மாதிரியான பகுதியில் போய்ப் பிடிக்கும். சைக்கிள் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிற மாதிரி. வேகம் சமமானதும் பல் சத்தமில்லாம இணையும். இது அரை வினாடியில் முடிஞ்சிடும்.

அந்த வளையத்துக்கு வேண்டியது உரசல். ஆயில் அதிகமா வழுக்கினா அது பிடிக்காது. பிடிக்காட்டி 'கர்ர்'.

ஜிஎல்-5 ஆயிலில், கடுமையான அழுத்தத்தைத் தாங்குற கந்தக, பாஸ்பரஸ் ரசாயனம் ஜிஎல்-4இல் இருக்கிறதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டிஃபரன்ஷியலுக்கு அது வரப்பிரசாதம். பித்தளை வளையத்துக்கு ரெண்டு விதத்தில் தொல்லை. ஒண்ணு, வழுக்கல். ரெண்டு, வீரியமான கந்தகம் சூட்டில் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். வீட்டில் செம்புப் பாத்திரம் கறுக்குதே, அதிலும் கந்தகத்துக்குப் பங்கு உண்டு.

இதிலும் கறுப்பு வெள்ளையா பேசக் கூடாது. இப்போ வர்ற சில ஜிஎல்-5 ஆயில்களில் செம்பு உலோகத்தைத் தாக்காத மாதிரி கட்டுப்படுத்தின ரசாயனம் போடுறாங்க. மாஸ்டா எம்எக்ஸ்-5 கையேடே முதல் தலைமுறை கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90இல் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5, எதுவும் சரினு சொல்லுது. ஆனா ஸ்பிட்ஃபயர் மாதிரி கையேடு ஜிஎல்-4 வகையைச் சொல்ற கியர்பாக்ஸில், கடைக்காரர் "5 இருக்கு சார், இன்னும் நல்லது" என்று சொன்னா, சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு கடையில் ஜிஎல்-4 இல்லைனா இன்னொரு கடையில் தேடுங்க.

எம்ஜிபியில் இன்னொரு கணக்கும் சேரும். பல எம்ஜிபிகளில் ஓவர்டிரைவ் இருக்கு. நெடுஞ்சாலையில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கிற கூடுதல் கியர். அதுக்குத் தனி ஆயில் கிடையாது; கியர்பாக்ஸ் ஆயிலையே பங்கு போட்டுக்கும். அதுக்குள்ளேயும் உரசிப் பிடிக்கிற ஒரு கிளட்ச் இருக்கு. ஆகவே கியர்பாக்ஸில் கண்டதை ஊத்தினா ஓவர்டிரைவும் சேர்ந்து வழுக்கும்.

டிஃபரன்ஷியலுக்கு நேர் எதிர்

பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலில் கதை தலைகீழ். அங்கே பினியன் என்ற சின்ன கியர், கிரௌன் வீல் என்ற பெரிய கியரின் மையத்துக்கு நேரா இல்லாம, சற்றுக் கீழே தள்ளி அமைஞ்சிருக்கும். இதை ஹைபாய்ட்னு சொல்வாங்க. அப்படி இருக்கிறதால் பற்கள் உருளுறதோட சேர்ந்து வழுக்கி வழுக்கியும் உரசும். அழுத்தம் பயங்கரம். அங்கே எஞ்சின் ஆயில் தாங்காது. கையேடு சொல்ற ஹைபாய்ட் 90 ஆயிலை ஊத்தணும். இன்றைக்கு ஜிஎல்-5 அங்கே தன் வேலையைச் சரியா செய்யும். ஆக எம்ஜிபியில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல்னு மூணு இடம், ரெண்டு வகை ஆயில்.

கிளட்ச் தட்டுகள் உள்ள லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தா, 'எல்எஸ்'னு குறிச்ச ஆயில் வேணுமானு பாருங்க. சாதாரண ஆயில் ஊத்தினா வளைவில் திரும்பும்போது பின்னாடி நடுங்கும், முனகும்.

அப்போ கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருந்தா? போர்ஷே 911 அப்படித்தான். ஒரே ஆயில் சிங்க்ரோவையும் சமாளிக்கணும், டிஃபரன்ஷியலையும் சமாளிக்கணும். அங்கே நம்ம மேலே சொன்ன பொது விதி எதுவும் உதவாது. அந்தந்த வருஷத்து கியர்பாக்ஸுக்குக் கம்பெனி என்ன சொன்னதோ அதுதான்.

1980, 90களின் சில பிஎம்டபிள்யூ கார்களில் இன்னொரு ஆச்சரியம். மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஆனா உள்ளே ஊத்த வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஏடிஎஃப். எந்த ஆயில்னு கியர்பாக்ஸின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அடியில் படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும். ஸ்டிக்கரைத் துடைங்க, ஆனா உரிச்சுப் போட்டுடாதீங்க.

ஊத்துறதுக்கு முன்னாடி

முதல் விதி. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ரெண்டிலும், ஆயிலை இறக்குற கீழ் போல்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி, ஊத்துற பிளக் கழறுதானு பாருங்க. துருப்பிடிச்சு இறுகின பிளக் கழறலைனா, ஆயிலை இறக்கிட்டு திரும்ப ஊத்த வழியில்லாம கார் அங்கேயே நிக்கும்.

ரெண்டாவது, இறக்குற ஆயிலைப் பாருங்க. அது ரத்தப் பரிசோதனை மாதிரி. கியர்பாக்ஸ் ஆயிலில் தங்கத் தூள் மாதிரி மினுமினுப்பு இருந்தா, அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் இருக்கிறது வயசுக்கு இயல்பு, நிறைய இருந்தா கவனம். காந்தம் வெச்ச போல்ட்டில் பித்தளை ஒட்டாது, இரும்புத் தூள் மட்டும்தான் ஒட்டும். அதனால் போல்ட்டை மட்டும் பார்த்துட்டு நிம்மதி ஆகாதீங்க. எஞ்சின் ஆயில் ஃபில்டர் காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தா உள்ளே தண்ணி சேர்ந்திருக்கு. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தா கார்புரேட்டரைப் பாருங்க. அந்தப் பெட்ரோல் ஆயிலைத் தண்ணியாக்கிடும். எவ்வளவு நல்ல ஆயிலும் அங்கே தோத்துப்போகும்.

மூணாவது, அளவு பார்க்கிற முறை. பெரும்பாலான கார்களில் எஞ்சினை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு டிப்ஸ்டிக்கைப் பார்ப்போம். 1998 வரை வந்த காற்றில் குளிரும் 911இல் அப்படிச் செய்யக் கூடாது. அதன் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். பல மாடல்களில் மொத்தம் 10 லிட்டருக்கு மேல பிடிக்கும். எஞ்சின் நல்லா சூடாகி, சமதளத்தில், ஐடிலில் ஓடிட்டிருக்கும்போதுதான் அளவு பார்க்கணும். நின்ன எஞ்சினில் பார்த்தா அளவு குறைவா தெரியலாம். அதை நம்பி ஊத்தினா ஆயில் அதிகமாகி, வேற வழியா வெளியே வந்து புகையும்.

நாலாவது, தேதி. இந்தக் கார்கள் வருஷத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். "இன்னும் 5000 ஆகலையே" என்று விட்டுடாதீங்க. நின்னுட்டே இருக்கிற எஞ்சினின் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு ஒரு முறை எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துங்க. இறக்கின பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீங்க. பழைய ஆயில் எடுத்துக்கிற சர்வீஸ் சென்டரில் கொடுங்க.

கடைக்குப் போகும்போது

கையில் எடுத்துட்டுப் போக வேண்டியது இவ்வளவுதான். காரின் சரியான மாடல், வருஷம். கையேட்டில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணுக்கும் தனித்தனியா என்ன எழுதியிருக்கு என்பதன் ஃபோட்டோ. முன்னாடி இருந்தவங்க எஞ்சினையோ கியர்பாக்ஸையோ மாத்தியிருந்தா அந்த விவரம். ஏன்னா அப்போ கையேடு காருக்குப் பொருந்தாது. உள்ளே இருக்கிற பாகத்தின் கையேடுதான் பொருந்தும்.

கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் திருப்புங்க. முன்பக்கத்தில் ரேஸ் கார் படமும் 'அல்ட்ரா', 'பிளாட்டினம்' மாதிரி வார்த்தைகளும் இருக்கும். பின்பக்கத்தில் கிரேடு, ஏபிஐ தரம், ஜிஎல் நம்பர். உங்க ஃபோட்டோவோட ஒத்துப்போகுதா? அப்போ அது உங்க காருக்கு நல்ல ஆயில். பக்கத்தில் இருக்கிற டப்பா ரெண்டு மடங்கு விலையா இருந்தாலும் சரி.

ஒரு குட்டித் தகவலோட முடிக்கிறேன். கேஸ்ட்ரால் என்ற பிராண்டுக்கு அந்தப் பேர் வந்தது கேஸ்டர் ஆயிலில் இருந்து. அதாவது நம்ம வீட்டு விளக்கெண்ணெய். நூறு வருஷத்துக்கு முன்னாடி விமானங்களுக்கும் ரேஸ் கார்களுக்கும் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயில்தான் உயர்ந்த சரக்கு. அன்றைய எஞ்சினுக்கு அது பொருந்திச்சு. இன்னைக்கு உங்க காரில் அதை யாரும் ஊத்த மாட்டீங்க. அதே மாதிரி இன்றைய ஆயில் எல்லாம் அன்றைய எஞ்சினுக்குப் பொருந்திடாது.

உங்க வீட்டிலோ தெரிஞ்சவங்க கிட்டயோ பழைய கார் இருந்தா, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. கையேட்டைத் தேடி எடுத்து, அந்த ஆயில் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஃபோனில் வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.